பிய்த்தெடுத்த சீட்டு

ஆபீசில் என் தங்கைக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. எனக்கு ஸ்டூல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வக்கீல்களுக்குச் சட்டப் புத்தகம் போடுகிற கம்பெனி எங்களுடையது. சட்டத்தில் ஒரு வரி மாறினால் அந்தத் திருத்தம் சின்னச் சீட்டாக அச்சாகி வரும். எங்கள் நூலகத்துப் புத்தகங்களில் பழைய வரியின் மேல் அதைக் கோணாமல் ஒட்டுவது பதினோரு வருடமாக என் வேலை. எட்டாவதோடு நின்றவளுக்கு அதுவே பெரிது. தங்கையை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான்.

சேர்ந்த இரண்டாம் வருடமே, எல்லாப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். வக்கீல்கள் இப்போது படியேறி வருவதில்லை. போனில் அவளைக் கேட்கிறார்கள். "மேடம்" என்கிறார்கள். நான் என்றைக்கும் "பசைக்காரம்மா"தான்.

அவள் நல்லவள். சாப்பாட்டு டப்பாவில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவாள். அதுவே எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

வக்கீல்களைக் கூட்டித் தளத்தைக் காட்டுவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஏதாவது கேளு. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வரும்."

"வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னா, எத்தனை நாள் டைம்?"

"பதினஞ்சு நாள். பார்த்தியா! நீ ஏணி ஏறி இறங்குறதுக்குள்ள நான் காபியே குடிச்சு முடிச்சிடுவேன்."

முப்பது நாள். பதினைந்தை முப்பதாக்கிய திருத்தச் சீட்டை ஒட்டியவள் நான். பக்கம் படியவேண்டும் என்று ஸ்கேன் செய்தவர்கள் அதைப் பிய்த்திருக்கிறார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தலையாட்டினேன். நாளைக்கு எல்லார் முன்னாலும் தெரியட்டும்.

மறுநாள் ஒரு புது வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். அவருடைய கட்சிக்காரரை வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்கிறார்களாம். திரையில் பதினைந்து என்று வந்தது. அவர் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். யாரும் மறுக்கவில்லை. தங்கை பூரித்து நின்றாள். அவள் தலைகுனிவதற்காகக் காத்திருந்தேன். தப்பைச் சொல்ல அங்கே என்னைத் தவிர ஆளில்லை.

"முப்பது நாளுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தேன். அந்த இடத்தில் காய்ந்த பசை மட்டும் இருந்தது. மிச்சச் சீட்டுகளைப் போட்டுவைக்கும் உறையிலிருந்து அதே சீட்டைத் தேடி எடுத்து வைத்தேன்.

"இன்னும் எத்தனை பிஞ்சிருக்கோ!" என்றார் மேனேஜர். "ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமா சரி பாருங்க."

எல்லாரும் போனபிறகு தங்கை கேட்டாள்.

"நேத்து இதையேதானேக்கா கேட்ட? அப்பவே ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்டி."

"நான் டம்ளர் உடைச்ச கிழமைய எல்லாம் ஞாபகம் வச்சிருக்கிறவ. நீ மறந்த!"

அவள் நாற்காலியை என் பக்கம் உருட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது எந்தப் பக்கம்? சொல்லு."

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் பக்க எண்ணைச் சொன்னேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எழுத்தைப் பார்க்காமல் தட்டுகிற அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.