பயணிகள்: 2

இது கட்டுக்கதை இல்லை. எங்கள் மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை வீட்டுக்காரருக்கு, பட்டப்பகலில் நடந்தது. உட்கார்ந்து கதை கட்டும் அளவுக்கெல்லாம் அவர் உடம்பில் தெம்பு கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டித் தேய்ந்துபோன மனுஷன்.

வேடிக்கை என்னவென்றால், லீவு நாளிலும் அவர் பஸ்தான் ஓட்டுவார். வீட்டில், கம்ப்யூட்டரில். ஸ்டியரிங், பெடல், பழைய டிரைவர் சீட் எல்லாம் வாங்கிப் பூட்டிவைத்திருக்கிறார். "வாரமெல்லாம் ஓட்டினது பத்தலையாக்கும்?" என்று தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். "இங்க யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க" என்பார்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு குழு உண்டு. கதவு மூடும் சத்தம் சரியில்லை, கியர் விழும்போது வண்டி குலுங்கவில்லை என்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். எல்லாம் அசலாக வேண்டும் அவர்களுக்கு. மாப்பிள்ளை கேட்டது பயணிகளின் எடை. ஆள் ஏறினால் பிரேக் கனக்க வேண்டும். அதுவும் வந்துவிட்டது, உள்ளே எத்தனை பேர் என்று திரையின் மூலையில் எண் தெரியும். டிப்போவில் தான் ஓட்டும் வண்டியையே, அதே நம்பர், அதே ரூட்டோடு அதில் செய்துவைத்திருந்தார்.

நிஜத்தில் உண்டு, விளையாட்டில் இல்லை என்பது ஒன்றே ஒன்றுதான். டிப்போவில் வண்டியை விட்டதும் டிரைவர் கடைசி சீட் வரை நடந்துபோய், யாராவது தூங்குகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதை மட்டும் குழுவில் யாரும் கேட்கவில்லை. முட்டி வலிக்கார மாப்பிள்ளையும் கேட்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரட்டை டியூட்டி. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. இருந்தும் மதியம் 2.50-க்கு விளையாட உட்கார்ந்தார்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். டிப்போவுக்குத் திருப்பினார். பிரேக் கனத்தது. மூலையில் பார்த்தார்.

பயணிகள்: 2.

உள்ளே காட்டும் கேமராவைத் திருப்பினார். எல்லா சீட்டும் காலி. "என்ன எழவுடா இது!" என்று அணைத்துவிட்டு மறுபடி போட்டார். டிப்போவிலிருந்து, வெறும் வண்டியாகத்தான் தொடங்கியது.

பயணிகள்: 2.

மணி 3.17. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில்... டிங். இறங்க வேண்டியவர் அழுத்தும் மணி.

"ஏங்க, யாரு மணி அடிக்கிறா?" தங்கை சமையலறையிலிருந்து கேட்டாள்.

ஹெட்போனில் கேட்டது அவளுக்கு எப்படிக் கேட்டது?

டிங்... டிங்...

அப்புறம் ஓர் இருமல். மெல்ல... கடைசி சீட் பக்கமிருந்து.

மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றினார். நேற்று ராத்திரி... பின்னால் போய்ப் பார்த்தேனா?

இல்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தார். அந்த வண்டி ரிப்பேருக்கு நிற்கிறது. திங்கட்கிழமை வரை யாரும் திறக்க மாட்டார்கள். வெளியே கொளுத்தும் வெயில்.

"எங்க ஓடுறீங்க?"

"டிப்போவுக்கு."

"இன்னைக்கு லீவுதானே?"

அவர் தெருவுக்கே போய்விட்டார்.

மணி 3.41. வாட்ச்மேன் பஸ் கதவைத் திறந்தார். உள்ளே அனல் அடித்தது. கடைசி சீட்டில் ஒரு பெரியவர் சரிந்து கிடந்தார்.

மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் மாப்பிள்ளை திரும்பவும் வண்டியில் ஏறினார். எண் இரண்டாயிற்றே! ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். வலிக்கிற முட்டியோடு சீட்டுக்கு அடியிலும் குனிந்து தேடினார். யாரும் இல்லை.

"இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான்" என்றார் டாக்டர். சாயங்காலமே சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஒரு உயிர் பிழைத்ததே, அது போதும் அவருக்கு.

மூன்றாம் நாள் பெரியவர் பேசினார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எந்திரிக்கவே தெம்பில்ல தம்பி. பக்கத்துல இருந்த அம்மாதான் விடாம மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"பாவம்... ரொம்ப வருஷமா அந்தச் சீட்டுலயே இருக்காங்களாம். அவங்களையும் இறக்கி விட்டுட்டீங்கல்ல?"