அரைச் சுத்து ஸ்குரூ

இது கதையில்ல, நடந்தது. நம்பாட்டி கொட்டகலை பஜாருக்குப் பின்னால போயி பாருங்க, றோலண்டோட நீலக்கலரு பிக்கப்பு இன்னமும் அங்கதான் நிக்கிது. முப்பது வருசத்து டீசல் வண்டி. மரக்கறி ஏத்துறது, கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏத்துறது எல்லாம் அதுலதான்.

போன தை மாசம் அந்த வண்டி காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேன்னு அடம் புடிச்சிச்சு. சாயந்தரம் நல்லாத்தான் ஓடி வந்து நிக்கும். காலையில அஞ்சு பத்துக்கு சாவியத் திருப்புனா "கெர்… கெர்…"னு இழுக்கும், அவ்வளவுதான். குளிருன்னு நெனச்சு ஹீட்டர் பிளக்க மாத்துனான். சரி வரல. பேட்டரிய சார்ஜுக்குப் போட்டான். அதுவுமில்ல. டீசல்ல தண்ணி கலந்துருக்கும்னு பில்டரக் கழட்டிப் புதுசு போட்டான். அப்பயும் அதே கெர்… கெர்…

கடைசியில மெக்கானிக்கு துஷாந்தக் கூட்டிட்டு வந்தான். அவன் வாய் ஓயாம பேசிக்கிட்டேதான் வேலை செய்வான்.

"என்னண்ணே, வண்டிக்கும் ஒங்க வயசாகிருச்சா?"

"வாய மூடிக்கிட்டுப் பாருடா."

பில்டருக்கு மேல கைப்பம்பு ஒண்ணு இருக்கும். உள்ளங்கையால அமுக்கி அமுக்கி டீசல இஞ்சினுக்கு ஏத்துறதுக்கு. அதுக்குப் பக்கத்துலயே காத்த வெளியேத்துற சின்ன ஸ்குரூ. துஷாந்த் அதத் தொட்டுப் பாத்துட்டு சிரிச்சான்.

"இது அரைச் சுத்து லூசா இருக்குண்ணே. நிக்கிற நேரத்துல காத்து பூந்து டீசல் பூராவும் டேங்குக்கே திரும்பிருது. யாரு கழட்டுனா?"

அரைச் சுத்து. அந்தக் கணக்கு றோலண்டுக்கு நல்லாத் தெரியும்.

ரெண்டாயிரத்து இருவத்திரெண்டுல இலங்கை பூராவும் டீசல் பஞ்சம் வந்துச்சில்ல, அப்ப மூணு நாளு கியூவுல நின்னு புடிச்ச டீசல் அவன்ட்ட இருந்துச்சு. தம்புள்ளைச் சந்தைக்கு ஒரு லோடு லீக்ஸ் மரக்கறி ஏத்திக்கிட்டுப் போயி வர மட்டும்தான் காணும். விடிஞ்சா யாராச்சும் வண்டி கேட்டு வருவாங்க. இல்லேன்னு மொகத்துக்கு நேரா சொல்ல வாய் வராது. அதனால மொத நாளே ஸ்பேனரப் போட்டு அந்த ஸ்குரூவ அரைச் சுத்து திருப்பி விட்டுருவான். வர்றவங்க கண்ணு முன்னாலயே சாவியப் போடுவான். "பாருங்க, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." பொய் சொன்ன மாதிரியே இருக்காது.

அப்புடி ஒரு ஜூலை காலையில, சரியா அஞ்சு பத்துக்கு, மேல் தோட்டத்து கந்தப்பன் வந்தாரு. தேயிலை பெக்டரி இஞ்சின் ரூமுல இருந்தவரு. நெஞ்சு வலி வர்ற வருத்தக்காரருன்னு ஊருக்கே தெரியும். ரெண்டு மைலு நடந்து வந்திருக்காரு, மூச்சு வாங்கல. மழை தூறுது, தலை நனையல. மொகம் மட்டும் சாம்பலாட்டம்…

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் தம்பி. அவசரம்."

சாவியப் போட்டான். கெர்… கெர்…

"நீ சாவியப் புடி. நான் அடிக்கிறேன்"னு அவரே கைப்பம்ப அமுக்குனாரு. சக்… சக்… சக்… ஸ்குரூ ஓரமா நொரை பொங்கிச்சு. இஞ்சின் ரூமுக்காரருக்குத் தெரியாதா? ஸ்குரூவப் பாத்தாரு. அப்பறம் றோலண்டப் பாத்தாரு.

"சரி தம்பி. இருக்கட்டும்."

பனிக்குள்ள போயிட்டாரு. றோலண்டு ஸ்குரூவ இறுக்கி, லீக்ஸ ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டான்.

மறுநாள் திரும்பி வந்தப்ப, கந்தப்பன் செத்துட்டாருன்னாங்க. சாவு வீட்டுக்குப் போகல. அந்தப் பக்கமே அப்பறம் போகல. வருத்தக்காரரப் பம்பு அடிக்க விட்டுக் கொன்னுட்டமேன்னு இத்தனை வருசமா உள்ளுக்குள்ளயே… பொண்டாட்டிட்டகூட சொல்லல.

துஷாந்த் ஸ்குரூவ இறுக்கிட்டுப் போனான். மறுநாள் காலையில லூசு. திரும்ப வந்து, ஸ்குரூவுக்கு அடியில வாசர மாத்தி இறுக்குனான். மறுநாளும் லூசு. சரியா அரைச் சுத்து.

மூணாம் நாளு றோலண்டு வெள்ளன எந்திரிச்சு வண்டிக்குள்ளயே போயி உக்காந்தான். பொனட்டு பூட்டித்தான் இருக்கு. அஞ்சு மணி. அஞ்சு அஞ்சு.

அஞ்சு பத்து.

சக்…

சக்… சக்…

பொனட்டுக்கு அடியில.

வண்டி லேசா ஆடுது…

எறங்கித் தொறந்தான். யாருமில்ல. கைப்பம்பு ஈரம். தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. ஸ்குரூ ஓரத்துல நொரை.

வண்டிய அப்புடியே விட்டுட்டு நடந்தான். ரெண்டு மைலு. தோட்டத்து லய வீட்டு வாசல்ல கந்தப்பன் சம்சாரம் அழகம்மா, கொழுந்தெடுக்கப் போக இடுப்புல படங்கு கட்டிக்கிட்டு நின்னாங்க. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டான்.

"நான்தாங்க்கா அவரக் கொன்னேன்."

அழகம்மா அவனையே பாத்தாங்க.

"ஒங்கிட்ட எப்புடிப்பா வந்தாரு? அன்னைக்கு விடியக்காலம் மூணு மணிக்கே படுக்கையில உசுரு போயிருச்சே."

றோலண்டுக்கு ஒரு நொடி… ஒரே ஒரு நொடி, அப்பாடான்னு இருந்துச்சு.

"அந்த அதிர்ச்சியில எம் மக ஜெயந்தினிக்கு வலி வந்துருச்சு. எட்டு மாசம். அந்த நேரத்துல வண்டி கேட்டு யார அனுப்புறது? வீட்டுல ஆம்பளைன்னா அவரு ஒருத்தருதான்."

றோலண்டு அப்புடியே வாசப்படியில உக்காந்துட்டான்.

"ஏழு மணிக்கு லயத்துலயே பொறந்துச்சு. அழுவல. தாத்தா நெஞ்சு மேலயே வெச்சுத்தான் பொதச்சோம் தம்பி."