செனன் பெயருக்கு ஐந்து கற்கள்

அயர்லாந்தின் என்னிஸ் சிறை வாசலில் பார்ட்லி மங்கோவனை வண்டியில் ஏற்றியது 1831 ஜூனில், புனித யோவான் திருநாளுக்கு மறுநாள். குன்றுகளில் திருநாள் தீயின் சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்கு போட ஏழைகளுக்கு நிலம் கிடைக்கட்டும் என்று பண்ணையாரின் புல்வெளியை மண்வெட்டியால் புரட்டிப்போட்டவர்களில் அவனும் ஒருவன். ஆயுளுக்கும் நாடு கடத்தல். அதே சங்கிலியில் பக்கத்தில் மர்ட்டி கான்சிடைன். கூட்டத்துக்குத் தலைவன் என்று அவனுக்குத் தூக்குத்தான் விதித்திருந்தார்கள். கடைசி வாரத்தில் அது கப்பலாக மாறியது. கடவுள் கண் திறந்தார் என்றான் மர்ட்டி.

பார்ட்லியின் தங்கை சிபி வண்டியோடு ஓடிவந்தாள். பிடிபடுவதற்கு முந்தைய நாள் அதே ஊர்க்காரன் செனன் டால்டி போலீஸ் கொட்டடிப் படியேறியதைப் பார்ட்லி பார்த்திருந்தான்; காட்டிக்கொடுத்தது அவன்தான் என்று முடிவுகட்டியிருந்தான்.

"பதினஞ்சு நாள் பட்டினி கெட, சிபி. அப்புறம் புனிதக் கெணத்துக்குப் போயி, அஞ்சு கல்லையும் இடப்பக்கமா திருப்பி செனன் பேரச் சொல்லு."

"அவன்தானாண்ணே? ஆள் மாறுனா சாபம் திருப்புன கைக்கே வந்துருமே."

"என் கண்ணால பாத்தேன்."

வண்டி தெருமுனை திரும்பி மறையும்வரை அவள் வலது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றாள்.

நியூ சவுத் வேல்ஸில் இருவரையும் ஒரே பண்ணைக்கு ஆடு மேய்க்க அனுப்பினார்கள். வந்த வாரமே பார்ட்லி ஆற்றில் ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக் குடிசை வாசலில் வைத்தான். தினமும் விடிந்ததும், வாயில் ஒன்றும் படாமல், ஒவ்வொன்றாகத் திருப்பிச் செனன் பெயரைச் சொன்னான். அவன் மாடு சாகட்டும், கூரை எரியட்டும், பிள்ளையில்லாமல் போகட்டும். முதுகில் சவுக்கடி வாங்கிய மறுநாள்கூடத் தவழ்ந்து வந்து திருப்பினான்.

இந்தக் கல்லுக்கு நம்ம ஊர் பாஷை தெரியாது என்று கேலி செய்துகொண்டே மர்ட்டி தேநீர் காய்ச்சுவான். சில நாள் அடுப்பை ஊதியபடியே, "என் பங்குக்கும் ஒரு சுத்து சுத்துடா. நானும் அவனாலதானே இங்க கெடக்கேன்" என்பான். பார்ட்லி மறுக்காமல் சுற்றுவான்.

விடுதலைச் சீட்டு வந்தது. பார்ட்லி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகையை வைத்துக்கொண்டு இன்னொருத்திக்கு இடம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டான். மன்னிக்காதவனுக்கு நற்கருணை கிடையாது என்றார் பாதிரியார். அப்படியானால் வேண்டாம் என்றான்.

இருபத்தேழாம் வருஷம் அதே பாதிரியார் ஒரு கடிதத்தோடு குதிரையில் வந்தார். மர்ட்டி பட்டியில் இருந்தான். பார்ட்லிக்கு எழுத்துத் தெரியாது, பாதிரியார்தான் படித்தார். செனன் செத்தானா என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள் என்றான் பார்ட்லி. அவர் கடைசி வரிகளை ஒருமுறை தனக்குள் படித்து, காகிதத்தை மடிக்கப் போனார். பார்ட்லி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அவர் வாசித்தார்:

"அண்ணே, இத வாத்தியார் எழுதுறாரு. நீ சொன்னபடியே பட்டினி கெடந்து கல்லத் திருப்புனேன். செனன் நல்லாருக்கான். அன்னிக்கு அவன் கொட்டடிக்குப் போனது, புடிச்சிட்டுப் போன கழுதைய மீட்க. அந்த வருஷமே என் வலது கை செத்துப்போச்சு. போன மாசம் நீதிபதியோட பழைய எழுத்தர் சாகக் கெடந்தப்ப எங்கிட்ட உண்மையச் சொன்னாரு. தன் கழுத்தத் தப்பிக்க வைக்க உன் பேரக் கொடுத்தது மர்ட்டி. அண்ணே, எனக்குக் கையில்ல. உனக்கு ரெண்டும் இருக்கு."