அன்னாள் போட்ட ஆறு விதம்

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கிற அன்னாளை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் மெட்டுப் போடுகிறவள் என்பது எங்கள் பேண்ட் செட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கிளாரினெட், நான் பெரிய ட்ரம். நாங்கள் பேச ஆரம்பித்தால் பாதிக்கு மேல் சண்டைதான். ஊரே கேட்கிற வாத்தியத்தை ஓரங்கட்டி எழுதினால் எவனுக்குத்தான் கோபம் வராது?

அவள் வீட்டுக்காரர் செபாஸ்டின் எங்கள் செட்டில் யூஃபோனியம் ஊதுவார். மடியில் பிள்ளையைப் போல் அணைத்துப் பிடிக்க வேண்டிய பெரிய பித்தளைக் குழல் அது. தேயிலை ஃபேக்டரித் தூசியில் வருஷக்கணக்காக நின்றதில் மனுஷனுக்கு மூச்சு கெட்டுப்போனது. ஊதக் கூடாது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். இவர் கேட்கிற ஆளா?

கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட் லயத்து மேட்டில் ஏறி வாசிக்கும்போது பாதிப் பாட்டில் நின்றுவிட்டார். ஒருத்தர் தடுமாறினால் ட்ரம்மை ஓங்கி அடித்து மூடிவிடுவது எங்கள் வழக்கம். அடித்து மூடினேன். ஆனாலும் செட்டை நடத்துகிற டிஜோ கவனித்துவிட்டான். சர்ச் பெருநாளுக்குக் குமுளியிலிருந்து வேறு ஆள் வரும், செபாஸ்டின் யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டான். செபாஸ்டின் வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அன்னாள் அழுதாள்.

அழுதுவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை. கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற பெண்கள் முணுமுணுப்பார்களே, அந்தச் சின்ன மெட்டை எடுத்து ஆறு விதமாக எழுதினாள். அரிசி ஒன்றுதான், ஒரு நாள் இட்லி, ஒரு நாள் ஆப்பம். முதலில் கிளாரினெட் மட்டும், அலங்காரமே இல்லாமல். அடுத்து ட்ரம்பெட்டுகள் அதே மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, சின்ன ட்ரம் துரத்தும். மூன்றாவதில் மெட்டு சாக்ஸபோனுக்குப் போகும், கிளாரினெட் கீழே சன்னமாக ஓடும். நாலாவதில் ட்ரம்பெட் வாயில் கர்ச்சீப்பை அடைக்கச் சொன்னாள். பக்கத்து மலையில் யாரோ வாசிக்கிற மாதிரி கேட்டது, சண்டாளி! ஐந்தாவது யூஃபோனியம் மட்டும். ஆறாவதில் எல்லாரும் சேர்ந்து.

செபாஸ்டினுக்கு முதல் நாலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வேலை. ஐந்தாவதை மட்டும் துண்டு துண்டாக நறுக்கி, நடுவில் நிறைய இடம் விட்டிருந்தாள். வீட்டுப் படியேறி வரும்போது அவர் எங்கெங்கே நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்து அளவெடுத்திருக்கிறாள். ஜாக்கெட்டுக்கு எடுப்பதைவிடச் சரியாக எடுத்திருந்தாள்.

டிஜோ குதித்தான். ஆள் சும்மா நின்றால் பெருநாள் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள் என்றான். அன்னாள் அசையவில்லை. இந்த ஒரு தடவை பார்ப்போம், சரியாக வரவில்லையென்றால் சட்டையை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றாள். டிஜோ அரை மனதாகத் தலையாட்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அஞ்சாவதுல ட்ரம்மத் தொட்டுறாதீங்க. மூச்சு வாங்கி நின்னாத்தான் தப்பு. எழுதி வச்சு நின்னா அதுவும் பாட்டுத்தான்."

பெருநாளன்று கோயில் முற்றம் நிறைந்திருந்தது. நாலு விதமும் நன்றாகவே போயின. ஐந்தாவதில் செபாஸ்டின் ஒரு துண்டு ஊதி நிறுத்தினார். மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக் கமிட்டிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து என் முதுகில் குத்தினார், அடி, அடி என்று. கையை ட்ரம் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அடுத்த துண்டு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கடைசித் துண்டுக்கு முன்னால் அவர் நின்றது எழுதியிருந்ததைவிட நீளம். தோள் ஏறி ஏறி இறங்கியது. கிளாரினெட்டை வைத்து அன்னாள் அதை முடித்துக் கொடுத்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. நீங்கள் எப்போது வந்தாலும் சரி என்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முற்றம் முழுக்க அவரோடு சேர்ந்து காத்து நின்றது. மெல்லியதாக, சரியான இடத்தில் அந்தத் துண்டு வந்து விழுந்தது.

ஆறாவதை நாங்கள் அடித்து நொறுக்கினோம். அதில் செபாஸ்டின் ஊதவில்லை, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். வீட்டுக்குப் போகும்போது அவளிடம், "போதும் அன்னாள். நெறஞ்சு போச்சு. இனி ஊத மாட்டேன்" என்றாராம். சட்டையை அவரே மடித்து வைத்தாராம்.

மறு வருஷத்துக்கு அன்னாள் வேறொரு மெட்டை எடுத்தாள். எல்லாருக்கும் பார்ட் எழுதிக் கொடுத்தாள், செபாஸ்டினுக்கும் ஒன்று. முதலிலிருந்து கடைசிவரை ஒரு சுரம்கூடக் கிடையாது, வெறும் இடைவெளிதான். டிஜோ அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவன் அதை மற்ற பார்ட்டுகளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பெருநாளன்று செபாஸ்டின் இஸ்திரிச் சட்டையில், குழலை அணைத்துக்கொண்டு, தன் பழைய இடத்தில் நின்றார். பாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர் வந்து, அந்த ஆள் எதற்கு ஊதாமல் நிற்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் டிஜோ முந்திக்கொண்டான்.

"அவருக்கு அப்படித்தான் எழுதியிருக்கு" என்றான்.