சீர்த்தட்டுக்கு வழி விட்டவர்

என் வீட்டுக்காரர் சவுரிராயன் முன்சீப் கோர்ட்டில் டபேதாராக இருந்தார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பாசஞ்சர் ரயில் மட்டும் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. வெள்ளை உடுப்பு, தலையில் பாகை, தோளிலிருந்து குறுக்கே டவாலி என்கிற சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. நீதிபதி அறையிலிருந்து வெளியே வரும்போது இவர்தான் முன்னால் நடப்பார். வக்கீல்கள் எழுந்து நிற்பார்கள், வராந்தாவில் இருக்கிற ஊர்க்காரர்கள் விலகி வழி விடுவார்கள். அதே ஊர்க்காரர்கள் சாயங்காலம் தெருவில் எதிரே வந்தால் இவர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். யாரும் இறங்கச் சொன்னதில்லை. ஏன் இறங்குகிறீர்கள் என்று நானும் கேட்டதில்லை. நான் நடந்து வந்தாலும் அப்படித்தான் நிற்பேன்.

இவருடைய அப்பா கவுண்டர் வீட்டு மாடுகளை மேய்த்தவர். பங்குச் சாமியார் பிடித்து எட்டாவது வரைக்கும் படிக்க வைத்ததால் இவருக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அதிகம் பேச மாட்டார். சம்பளம் வாங்கினால் வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு பொட்டலம் வாங்கி வருவார், அதுதான் அவருக்குத் தெரிந்த செல்லம். வில்லையைச் சாம்பல் போட்டுத் துலக்குவதை மட்டும் என்னிடம் விடமாட்டார். நான் ஐந்தாவதோடு நின்றவள். நீதிபதி குடும்பம் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அங்கே தண்ணீர் இறைக்க, பாத்திரம் துலக்கப் போய்க்கொண்டிருந்தேன். கிணற்றடியில் நின்றால் முன்கேட்டும் தெரியும், கூடத்து வாசலும் தெரியும். அதனால் நடந்தது எல்லாவற்றையும் பார்த்தேன்.

எண்பத்தாறில் பஞ்சாயத்து எலெக்சன் வந்தது. நான் பிறந்த ஊரில் தலைவர் பதவிக்கு விருத்தாசலம் என்ற பெரிய நிலக்காரர் நின்றார். அவருடைய பங்காளி ஒருவரும் கோபத்தில் எதிராக நின்று, ஊர்த்தெரு ஓட்டு இரண்டாகப் பிரிந்துபோனது. அந்தச் சந்தில் எங்கள் காலனி மாரியப்பன் அண்ணன் சொற்ப ஓட்டில் ஜெயித்துவிட்டது. கரும்பு வெட்டுகிற ஆள், கூலி விஷயத்தில் முறைத்துப் பேசும் ஆள். விருத்தாசலம் மேசைக்கு முன்னால் அது நாற்காலியில் உட்காருவதை ஊரில் யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

விருத்தாசலம் தேர்தல் செல்லாது என்று கேஸ் போட்டார். காலனிப் பெண்கள் போட்ட சீட்டுகளில் இரண்டு இடத்தில் முத்திரை இருக்கிறது, அது இரண்டு பேருக்குப் போட்ட ஓட்டு, தள்ளிவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். விஷயம் வேறு. பெண்கள் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில், முத்திரை குத்தியதும் மை காய்வதற்குள் மடித்துவிட்டார்கள். ஈர மை எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டது. முன்சீப் வேங்கடேசன் அய்யா கோர்ட்டிலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் என்று இவர் வந்து சொன்னார். ஒட்டிய மை கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிப் பதிந்திருக்கும், அதனால் அது ஒரே ஓட்டுதான் என்று சட்டமே சொல்கிறதாம். தீர்ப்பு எழுதுவதுதான் பாக்கி.

அப்போதுதான் விழுப்புரத்திலிருந்து சக்கரபாணி கிளம்பினார். விருத்தாசலத்தின் மச்சினர், கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. முதலில் ஆள் மூலமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெட்ராசிலிருந்து அய்யாவுக்கு ஃபோன் வந்தது. "ஓட்டை நான் எண்ணிட்டேன், அது மாறாது" என்று அய்யா சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. அந்த வாரம் குவார்ட்டர்ஸுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள். நான் இரண்டு மடங்கு தண்ணீர் இறைத்தேன். அய்யா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அய்யாவின் மகள் பெரியவள் ஆனாள். சேலம் பக்கத்துக் குடும்பம் அவர்களுடையது. அய்யா வீட்டு அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருந்து செத்துப்போனார். தாய்மாமன் சீர் வைக்க ஆள் இல்லையே என்று அம்மா என்னிடமே சொல்லி அழுதார்கள். வீட்டோடு தண்ணி ஊற்றி முடித்துக்கொள்வது என்று அய்யா முடிவு செய்தார். இவரைக் கேட்டில் நிறுத்தி, வெளியாள் கொண்டு வருகிற எதுவும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

பந்தல்கூடப் போடவில்லை. பெண்ணை மணையில் உட்கார வைத்து அம்மா நலங்கு வைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் மேளச் சத்தம் கேட்டது. ஒரு ஜீப், பின்னால் நாயனக்காரர்கள், அதற்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டின பெண்கள் தட்டு தட்டாக. பழம், பூ, மஞ்சள், குங்குமம், புடவை, நடுத்தட்டில் ஒரு வெள்ளிக் குடம். முதல் தட்டு சக்கரபாணியின் மனைவி கையில் இருந்தது. திண்டிவனத்து ஃபோட்டோ ஸ்டூடியோக்காரரும் கூடவே வந்தார்.

இவர் இரண்டு கையையும் அகல விரித்துக் கேட்டை மறித்து நின்றார்.

"அய்யா உத்தரவுங்கம்மா. எதுவும் உள்ள போவக் கூடாதுங்க."

"அண்ணன் இல்லாத வூடாச்சே, நாங்க அண்ணன் மொறையில வர்றோம். மங்கலத் தட்டுப்பா இது. கை வெச்சிடாத. தள்ளிக்கோ" என்றாள் அந்த அம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தையை அடுப்புப் பக்கத்திலிருந்து விலக்குகிற மாதிரி சொன்னாள்.

தட்டை நீட்டியபடியே முன்னால் நடந்தாள். இன்னும் ஓரடி வந்திருந்தால் தட்டு இவர் கையில் பட்டிருக்கும். இவர் கை மடங்கியது. உடம்பு தூணோடு ஒட்டிக்கொண்டது. பெண்கள் புடவைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இவர்மேல் படாமல் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். டபேதார் உடுப்போடுதான் நின்றுகொண்டிருந்தார்.

அய்யா உள் அறையிலிருந்து வருவதற்குள் தட்டுகள் பெண்ணின் முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. ஃபோட்டோவும் எடுத்தாகிவிட்டது. அம்மா கும்பிட்ட கையோடு நின்றார்கள், அண்ணன் என்று ஒருத்தி சொன்னதும் அவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்தவர்கள் உட்காரவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

பெண் முன்னால் வைத்த சீரைத் திருப்பி அனுப்பினால் அவள் வாழ்க்கைக்கு ஆகாது என்று அம்மா அய்யாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்கள். அய்யா கேட்கவில்லை. ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் தட்டுகளை ஏற்றி, இவரையே விழுப்புரத்துக்கு அனுப்பினார். துணைக்கு என்னையும் போகச் சொன்னார். இவர்தான் ஒவ்வொரு தட்டாகத் தூக்கி வைத்தார்.

சக்கரபாணி வீட்டு வாசலில் அந்த அம்மாள் வெளியே வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள்.

"நீ தொட்டுத் தூக்கிக்கினு வந்தத நான் பூஜை ரூம்ல வெக்கறதா? கொண்டாந்த எடத்துக்கே எடுத்துக்கினு போ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் தொடக் கூடாது, தொடாததால் உள்ளே போனது. மத்தியானம் தொட்டாகிவிட்டது, தொட்டதால் திரும்பப் போகவில்லை. காரில் வரும் வழியெல்லாம் இவர் மடியில் அந்த வெள்ளிக் குடம் இருந்தது.

அய்யா எல்லாவற்றையும் கோர்ட்டில் ஒப்படைத்து, நடந்ததை மேலே எழுதினார். அதற்கு முன்பே அவர்மேல் புகார் போய்ச் சேர்ந்துவிட்டது. கேஸில் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஜெயித்தவன் பக்கம் சாய்வதாகப் பயமுறுத்தி, தோற்றவரின் உறவினர்களிடம் சீர் வாங்கினார் என்று புகார். கூடவே ஃபோட்டோ. மாரியப்பன் அண்ணனும் நானும் ஒரே காலனியில் பிறந்தவர்கள் என்பதையும் எழுதியிருந்தார்கள். தீர்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விசாரிக்க ஒரு பெரிய அதிகாரி விழுப்புரத்தில் பயணியர் விடுதிக்கு வந்து உட்கார்ந்தார். இவரை முதல் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

நானும் கூடப் போனேன். ஜங்ஷனுக்கு எதிரே டீக்கடையில் சக்கரபாணியே காத்துக்கொண்டிருந்தார். இவருக்கு டீ சொல்லித் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதப் பாரு சவுரி, உனக்கு எதுக்கு பேஜாரு? அய்யாதான் உள்ள உடச் சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லு. அவுரு வேற ஊருக்குப் போவாரு, நீ இங்கியே இருப்ப."

"அவுரு சொல்லலியேங்க."

"அப்ப நீ காசு வாங்கிக்கினு உட்டன்னுதான எழுதுவாங்க. ரெண்டுல ஒண்ணு எழுதித்தான் ஆவணும். எதுன்னு நீயே சொல்லு." என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா. எத்தினி புள்ளைங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலை போனால் தங்குகிற இடமும் போய்விடும். அய்யா பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. இவர் டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தார்.

விசாரணை அறையின் ஜன்னல் வராந்தாப் பக்கம் திறந்திருந்தது. அய்யா சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை என்று இவர் சொன்னார். பிறகு ஏன் விட்டாய் என்று அதிகாரி கேட்டார். தள்ளிக்கோ என்றார்கள், தள்ளிக்கொண்டேன் என்றார். யார் சொன்னாலும் தள்ளிக்கொள்வாயா என்று அவர் சிரித்தார்.

"நாங்க தொட்டா அது தீட்டுங்க. மறிச்சா தட்டு எம்மேல படும். அதாங்க."

நானறிய அந்தப் பேச்சை இவர் வெளியாளிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதிகாரி எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவைக் கையமர்த்தினார். "அதெல்லாம் எந்தக் காலத்துலப்பா? இப்ப அப்படியெல்லாம் கிடையாது. அதை எழுத வேண்டாம்." எழுதியது இவ்வளவுதான்: தட்டுகள் உள்ளே போனது உண்மை, தடுக்காததற்குச் சாட்சி தகுந்த காரணம் சொல்லவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு வந்தார்.

காரணம் இல்லாமல் ஒரு டபேதார் வழி விடுவானா, நீதிபதிதான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அய்யாவை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். ரயிலேற்றி விடப் போனோம். அம்மா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. பெண்ணுக்கு வந்த சீர் வீட்டை விட்டுப் போன குறை அவர்களுக்கு. அய்யா ஜன்னலோரம் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டைப் பூட்டியிருக்கலாமே, சவுரிராயன்."

"சாத்தத்தாங்க போனேன். அதுக்குள்ள கிட்ட வந்துட்டாங்க."

அய்யா தலையை ஆட்டினார். நல்ல மனிதர், ஓட்டுச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மனிதர். இதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. ரயில் போன பிறகும் இவர் பிளாட்பாரத்திலேயே நின்றார்.

புதிய முன்சீப் பெட்டியைத் திறக்கவில்லை, எழுதி வைத்திருந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். ஒரு பிற்பகலில் தீர்ப்பு வைத்தார். நான் இவருக்குச் சாப்பாடு கொண்டு போனவள் வேப்பமரத்தடியில் நின்றேன். மாரியப்பன் அண்ணன் வக்கீல் குமாஸ்தாக்கள் கூட்டத்துக்கு வெளியே, புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது. கோர்ட் வாசலில் நின்று கேஸ்காரர்களைக் கூப்பிடுவது இவர் வேலை. "விருத்தாசலம்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். அவர் வந்தார். பிறகு "மாரியப்பன்" என்று கூப்பிட்டார். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவையும் முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். மூன்றாவதைக் கத்திக் கூப்பிட்டார். அண்ணன் உள்ளே போய், நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வெளியே வந்தது. இரண்டு முத்திரை விழுந்த சீட்டுகள் செல்லாது. காலனிப் பெண்கள் போட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது. விருத்தாசலம்தான் தலைவர்.

வெடி போட்டார்கள். அண்ணன் இவர் எதிரே வந்து நின்றது. திட்டும் என்று நினைத்தேன்.

"ஒரு தட்டத் தொட்டிருந்தா இன்னா மாமா ஆயிருக்கும்?"

"தொட்டிருந்தா தட்டு கவுந்திருக்கும். புள்ள மஞ்சத்தண்ணியில டவாலி கலாட்டா பண்ணான்னு கேசு போட்டிருப்பானுங்க. அய்யா அப்பவும் போயிருப்பாரு."

"நீ போயிருக்க மாட்டியே" என்றது அண்ணன். அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. அப்பீல் போக மெட்ராசுக்கு ஆள் பார்க்க வேண்டும், கரும்பு வெட்டுகிறவரிடம் அதற்கு என்ன இருக்கிறது. வெட்டு வேலைக்கு விருத்தாசலம் கூப்பிடவில்லை. கண்டமங்கலம் பக்கம் போய்ச் செங்கல் சூளையில் சேர்ந்தது. அடுத்த பஞ்சாயத்து எலெக்சன் பத்து வருசம் வரவில்லை.

இவருக்கு வேலை போகவில்லை. கடமை தவறியதற்காக டபேதார் உடுப்பை வாங்கிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு ஆபீசுக்குக் காவலாளியாக மாற்றினார்கள். காக்கிச் சட்டை, ஒரு ஸ்டூல், ஒரு கேட். வருகிறவர்களை நிறுத்தி, யார், எங்கே என்று கேட்க வேண்டும். முதல் நாள் பார்க்கப் போனேன். ஜீப்பில் வந்த யாரோ ஹாரன் அடித்தார்கள். இவர் ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தார். கேட்டுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். மாரியப்பன் அண்ணன் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜீப் போன பிறகு ஸ்டூலுக்குத் திரும்பி வந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். "நீ எதுக்கு இங்க வந்த?" என்று கேட்டார். அதன் பிறகு நான் போகவில்லை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் இவர் அந்தக் கேட்டில்தான் இருந்தார்.