கடிகாரத்துக்கு நான் தூக்கிய கை

செவ்வாய்க்கிழமை காலை, அம்பாசமுத்திரத்தில் என் கைபேசிக் கடையில் ஓர் உடைந்த திரையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ராஜமணி அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா அழைத்தார். "தம்பி, அவுக போயிட்டாக" என்றார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சியை விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு நூல் ஆலை ஃபிட்டராகத்தான் தெரியும். அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு மட்டும் அவர் வேறு ஆள். பிராணிகளை வளர்த்து மோதவிடும் வீடியோ கேம் ஒன்றை வெறியோடு ஆடுகிற கூட்டம் நாங்கள். ஐம்பது வயதில் அண்ணாச்சிதான் எங்களில் மூத்தவர்.

முதல் சந்திப்பே பாபநாசம் பஸ்ஸில்தான். கைபேசியில் எதிராளியின் பிராணிகளை ஒவ்வொன்றாகத் தூங்க வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல். "என்ன வே, அம்புட்டையும் தூங்க வச்சு அடிக்கீரு? இது ஒரு ஆட்டமா?" எனக்குச் சுரீரென்றது. கம்பெனி விதியில் அதற்குத் தடை இல்லை என்றேன். "கம்பெனி விதியில இல்ல. நம்ம விதியில உண்டு" என்று சிரித்தார்.

அந்தச் சண்டை எங்களுக்குள் கடைசிவரை ஓயவில்லை. கம்பெனி விதி, ஆட்டத்தை உருவாக்கியவர்கள் வகுத்தது. ஆறில் நான்கு பிராணிகளை மட்டும் இறக்கலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரம் ஓடும். நேரம் தீர்ந்தால் இயந்திரமே உங்களுக்காக ஒன்றைத் தேர்ந்துவிடும். நம்ம விதி, ரசிகர்கள் கூடிப் பேசி வகுத்தது. ஆறையும் இறக்கலாம், ஒன்றுக்கு மேல் தூங்க வைக்கக் கூடாது, அளவுமீறிய பிராணிகளை வாக்கெடுத்து விலக்கலாம். கடிகாரம் எதிராளி கேட்டால்தான் ஓடும். நான் கம்பெனிக் கட்சி. போட்டி என்றால் முடிய வேண்டும் என்பேன்.

ஒருமுறை இரும்புக் கொக்கு என்ற பிராணியை விலக்க வாக்கெடுத்தோம். அது அண்ணாச்சியின் செல்லம். அதை வைத்து எங்களை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார். விலக்கச் சொல்லி முதலில் கை தூக்கியவரும் அவரே. ஏன் என்று கேட்டேன். "நான் ஜெயிக்கதுக்கு விதி எழுதினா அது விதியா வே?" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றுதான் பெரிய மரியாதை வந்தது.

போன வருடம் நான் ஒரு யோசனை கொண்டுவந்தேன். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பழக வேண்டும், நம் கூட்டத்திலும் கம்பெனிக் கடிகாரத்தையே வைப்போம் என்றேன். வாக்கெடுப்புக்கு முன் அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்தார். "கடிகாரம் வேண்டாம் வே. பைய ஆடட்டுமே. யாரு அடிச்சு வெரட்டுதா?" என்றார். காரணம் கேட்டேன். சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம். "நீரு சொன்னதுதான அண்ணாச்சி? தனக்காக விதி கேக்கக் கூடாதுன்னு?" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு சிரித்துக்கொண்டே, "சரிதான் வே" என்றார்.

வாக்கெடுப்பில் அவர் கை இரண்டும் கால்சட்டைப் பைகளுக்குள் இருந்தன. எந்தப் பக்கமும் தூக்கவில்லை. ஆறுக்கு ஐந்து என்று கடிகாரம் வென்றது. சமமாகியிருந்தால் பழைய விதியே நின்றிருக்கும். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் தன் வீட்டிலிருந்தே கைபேசியில் என்னோடு ஆடினார். ஒரே ஒரு நகர்வில் ஜெயித்திருப்பார். நேரம் தீர்ந்தது. மூன்று முறை இயந்திரம் அவருக்காக எதையோ தேர்ந்தது. நான் ஜெயித்தேன். வெகுநேரம் கழித்து "நல்லா ஆடினீரு" என்று செய்தி வந்தது. அத்தோடு குழுவை விட்டு விலகினார். தோல்வியைத் தாங்காதவர் என்று டீக்கடையில் நான் கேலி பேசினேன். எட்டு மாதம் அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மைல் தூரம் இருக்காது.

நான் போய்ச் சேர்ந்ததும் எஸ்தர் அக்கா அழாமல் சொன்னார். "கைதான் முதல்ல போச்சு தம்பி. ஸ்பேனர் பிடிக்க முடியாமப் போயி ஸ்டோருக்கு மாத்துனாங்க. பெறவு காலு, பெறவு பேச்சு. கொணமாகாத நரம்பு நோயின்னு அந்த ஓட்டுக்கு முன்னாலயே டாக்டர் சொல்லிட்டாரு. கூட்டத்துல சொல்லிருங்கன்னு நான் கெஞ்சினேன். 'சொன்னா எல்லாவனும் எனக்காகக் கை தூக்கிருவான்'னு மாட்டேன்னுட்டாக."

ஸ்டோருக்கு மாறியதைப் பதவி உயர்வு என்று நான் வாழ்த்தியிருந்தேன்.

அக்கா அவருடைய கைபேசியை என்னிடம் நீட்டினார். குழுவை விட்ட பிறகு, முகம் தெரியாத ஆட்களோடு நம்ம விதியில் ஆடியிருக்கிறார். அவர் கண்ணால் காட்டுவார், அக்கா தொடுவார். அன்று காலை கஞ்சி குடித்துவிட்டுத் தொடங்கிய ஆட்டம் இன்னும் திறந்தே இருந்தது. எதிராளி கடிகாரம் கேட்கவில்லை. கீழே ஆங்கிலத்தில் எதிராளி எழுதிய ஒரு வரி: "அவசரமில்லை, மெதுவாக ஆடுங்கள்." நான்கு மணி நேரமாக யாரோ ஒருவர் காத்திருந்தார்.

ஆட்டத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி தோற்றுக்கொண்டிருந்தார். அவர் இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன். பிறகு அந்த எதிராளி தானே தோல்வியை ஏற்று வெளியேறினார். திரையில் அண்ணாச்சியின் பெயரும், வெற்றி என்ற சொல்லும் வந்தன.

அக்காவிடம், "ஜெயிச்சிட்டாரு" என்றேன். அவர் அப்போதுதான் உடைந்து அழுதார்.

அண்ணாச்சி, நீங்கள் யாரென்றே தெரியாத ஒருவர் ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டார். என்னிடம் எட்டு மாதம் இருந்தது. போய் வாருங்கள்.