‘இருந்து’ விட்டுப்போன ஜெபச்சீட்டு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வில்லாபுரத்தில் தள்ளுவண்டியில் அயர்ன் கடை வைத்திருக்கிறேன். சாட்சி சொல்லுங்கள் என்று பாஸ்டர் ஐயா மூன்று தடவை கேட்டும் தட்டிக்கழித்தேன். கூச்சத்தால் அல்ல, பயத்தால். இதைச் சொல்லி முடித்தால் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

பயம் எனக்குப் பிறவியிலேயே உள்ளது. மகள் வருகிற பஸ் பத்து நிமிடம் பிந்தினால் ஆஸ்பத்திரி வரைக்கும் யோசித்துவிடுவேன். வண்டியைப் பூட்டி வீட்டுக்குப் போனபிறகு, அயர்ன் பெட்டியில் கனல் கிடக்கிறதோ என்று திரும்பி நடந்து வந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவனுக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே மகள் ஷீபா, ஹாக்கி ஆடுகிறவள்.

அவள் பின்வரிசையில் ஆடுவாள். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், அடிக்கப்போகிறவளை நோக்கி முதல் ஆளாக ஓடுவது அவள் வேலை. எல்லோரும் விலகி ஓடுகிற பந்துக்கு நேராக இவள் ஓடவேண்டும். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சோறு இறங்காது. அவள் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட நான் போய்ப் பார்த்தது கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதக் கடைசி. ஷீபா கல்லூரியில் இரண்டாம் வருடம். பயிற்சியில் பந்து வாயில் பட்டு முன்பல் இரண்டு போயிற்று. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நேராக என் வண்டிக்கு வந்தாள். தேய்த்து மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து ரத்தத்தைத் துடைத்தேன். யார் வீட்டுச் சட்டை என்றுகூடப் பார்க்கவில்லை.

“பல்லுதானப்பா, வேற வச்சுக்கலாம்” என்றாள்.

“நாளைக்குக் கண்ணு போனா? அதையும் வேற வச்சுக்குவியா?”

“அதுக்குத்தான் மாஸ்க் இருக்கு. இன்னிக்குப் போடாம நின்னுட்டேன். ஏம்ப்பா இம்புட்டு பயப்படுறீங்க, பந்து உங்க மேலயா பட்டுச்சு?”

என் மேல்தான் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனபோது, ஜெபப்பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். பெயர் போடவில்லை. மகள் இந்த விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். என் மனைவி தங்கத்துக்குக்கூடத் தெரியாது. அவள் மகள் பக்கம்.

நம் சபையில் ஒரு வாரம் போட்ட சீட்டை அடுத்த வாரம் வாசிப்பது வழக்கம். நடுவில், புதன்கிழமை, எனக்கு ஒரு போன் வந்தது. ஷீபா பரீட்சைக்குப் போயிருந்ததால் அவளுடைய போன் அணைந்திருந்தது. பேசியவர் சென்னையிலிருந்து, அணித் தேர்வைப் பார்க்கிற ஒரு சார்.

“உங்க பொண்ணை ஜூனியர் இந்தியா கேம்புக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கட்கிழமை பெங்களூர்ல இருக்கணும். வருவாங்களா?”

இந்தியா என்ற சொல் காதில் விழுந்தது. இருந்தாலும் அந்த இரண்டு பற்கள்தான் கண்ணில் நின்றன. என் சீட்டுக்குப் பதில் கொடுக்க ஆண்டவர் ஒரு கதவைத் திறந்திருக்கிறார் என்று நினைத்தேன். பாவி நான்.

“பிள்ளைக்கு மஞ்சக்காமாலை சார். எந்திரிக்கவே முடியல” என்றேன்.

“அப்படியா? உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க” என்று அவர் வைத்துவிட்டார். கையில் பெட்டி இருந்தது. தேய்த்துக்கொண்டிருந்த சேலையில் பெட்டி பதிந்த தடம் பழுப்பாக விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சீட்டுகளை வாசிக்கிற எஸ்தர் அக்கா, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்கள்: “என் மகள் ஹாக்கியில் நிற்க வேண்டும்.”

ஹாக்கியில் இருந்து நிற்க வேண்டும், அதாவது விலகிவிட வேண்டும் என்றுதான் நான் எழுத நினைத்தது. எழுதும்போது அந்த ‘இருந்து’ விட்டுப்போயிருந்தது. சபையில் ஹாக்கி ஆடுகிற பிள்ளை ஒருத்திதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்துப் பாயிலிருந்த தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நீங்களா எழுதுனீங்க? உங்களுக்குப் பிடிக்காதுன்னுல்ல இத்தனை நாளா நெனச்சேன்” என்று அழுதாள்.

சபை முழங்காலில் நின்றது. ‘அந்தப் பிள்ளையை நிலைநிறுத்தும் ஆண்டவரே’ என்று நாற்பது ஐம்பது பேர் ஒரே குரலாகக் கேட்டார்கள். அம்புட்டுப் பேருக்கும் நடுவில், அவளுக்கு விரோதமாக ஜெபித்தவன் பெற்ற தகப்பன் மட்டும்தான். ‘ஆண்டவரே, நான் நினைத்ததைக் கேட்காதேயும், இவர்கள் கேட்பதைக் கேளும்’ என்று தரையில் நெற்றியை வைத்துக் கெஞ்சினேன்.

மறுநாள் காலையிலேயே அந்தச் சாருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

“வேற பொண்ணுக்கு டிக்கெட் போட்டாச்சுங்க. இனி ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம். அது வரைக்கும் அவளை ஆட விடுங்க, அது போதும்” என்றார்.

ஷீபாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. முகாமுக்குப் போகிறவர்களின் பெயர்கள் வெளிவந்தபோது, தன்னைத் தேர்வு செய்யவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டாள். மூன்று நாள் அழுதாள். பிறகு மட்டையைப் பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். “எனக்கு அம்புட்டுத்தாம்ப்பா” என்றாள். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் கேட்டதும் இதைத்தானே? என்னால் ஒரு நாள்கூட அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆனால் எஸ்தர் அக்கா அந்தச் சீட்டைக் கிழித்துப் போடவில்லை. பதில் வராத சீட்டுகளைக் கட்டி வைத்து ஒவ்வொரு வாரமும் வாசிப்பார்கள். நான்கு மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல், என் பிழை வாசிக்கப்பட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்காமார் ஷீபாவைச் சூழ்ந்துகொள்வார்கள்.

“என்னடி, எப்ப இந்தியாவுக்கு ஆடப் போற? முழங்கால் தேயுது எங்களுக்கு!”

ஒரு நாள் அவளே நாற்காலி போட்டு ஏறி மட்டையை இறக்கினாள். “இவங்க தொல்லை தாங்கலப்பா. நான் போறேன்” என்றாள்.

அடுத்த வருடம் அதே சார், இந்தத் தடவையும் எனக்கே கூப்பிட்டார். “உடம்பு எப்படி இருக்கு?” என்றார். குத்தத்தான் கேட்டார். “நல்லா இருக்கு சார். இன்னிக்கே அனுப்பிவைக்கிறேன்” என்றேன்.

அவள் பெட்டி கட்டும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துணியை மடித்து முடித்து, அம்மாவிடம் மட்டும் “வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். முகாமில் இருந்த ஏழு வாரமும் தங்கத்தோடு பேசினாள். என் போனுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை.

அணியில் எடுத்துவிட்டார்கள். மலேசியாவுக்குப் புறப்படுமுன் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள். நான் வண்டியில் நின்றிருந்தேன். நீலச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். முதுகில் அவள் பெயரும், மேலே இந்தியா என்றும் அச்சடித்திருந்தது.

“எழுத்து மேல பெட்டிய வச்சிராதீங்கப்பா” என்றாள்.

ஏழு வாரத்துக்குப் பிறகு என்னை நோக்கி வந்த முதல் பேச்சு அது. சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஈரத்துணி விரித்து, பெட்டியின் சூட்டை நாலு தடவை சோதித்துத் தேய்த்தேன். அவள் முழு நேரமும் பக்கத்திலேயே நின்றாள்.

ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. பெனால்டி கார்னரில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடினாள். பந்து மட்டையில் பட்டுத் தெறித்தது. அவள் நின்றாள். நான் கண்ணை மூடவில்லை.

ஸ்தோத்திரம். ஆனாலும் அந்த முதல் வருடம் திரும்பி வராது. அந்த வருட அணியின் போட்டோவைச் செய்தித்தாளில் வெட்டி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். என் மகள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பிள்ளை சிரிக்கிறாள். அந்தப் பிள்ளைக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். ஷீபா என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் பயம்தான்.

என்னைப் போலப் பயந்த தகப்பன்மார், தாய்மார் இங்கே இருப்பீர்கள். உங்கள் சீட்டைக் கொண்டுவந்து போடுங்கள். பிழையாக எழுதினாலும், தப்பாகவே கேட்டாலும், அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஒன்றே ஒன்று. போட்ட பிறகு போன் வந்தால், அவருக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள்.